சமையலறையில் ஓர் இசைக்குழு

சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தால், அது முதலில் எதிரில் இருக்கும் தட்டைத் தட்டிப் பார்க்கும். பிறகு பானையைத் தட்டும். அதன்பின் பிஸ்கட் டின்னைத் தட்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஒலிப்பதைக் கேட்டுச் சிரிக்கும். வீட்டிலுள்ள பெரியவர்களோ, "சத்தம் போடாதே!" என்று சொல்லிக் கரண்டியை வாங்கிக்கொள்வார்கள். ஆனால், அதே பெரியவர்கள் இசைக் கச்சேரிக்குச் சென்றால், கடம் வாசிப்பவரின் விரல்களைப் பார்த்துத் தலையசைத்து ரசிப்பார்கள். கடமும் ஒரு மண்பானைதான். அப்படியானால், ஒரு பானையிலிருந்து எழும் ஒலி எப்போது வெறும் சத்தமாக இருக்கிறது? எப்போது இசையாக மாறுகிறது?

இந்தக் கேள்விக்கு விடை காண விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. வீட்டில் கிடக்கும் டின், ரப்பர் வளையம், உறிஞ்சுகுழல், கண்ணாடிக் குவளை ஆகியவையே போதும். அவற்றைக் கொண்டு கருவிகளைச் செய்து பார்த்தால், விடை தானாகவே புலப்படும்.

ஒலியின் பிறப்பு

ஒலி என்பது அதிர்வு. ஒரு பொருள் அதிரும்போது அதைச் சுற்றியுள்ள காற்றும் அதிர்கிறது. அந்த அதிர்வு காற்றின் வழியாகப் பரவி வந்து செவிப்பறையைத் தொடும்போது நாம் ஒலியைக் கேட்கிறோம். ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்வு ஏற்படுகிறது என்பதை அதிர்வெண் என்பர். இதனை அளக்கும் அலகு ஹெர்ட்ஸ். மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கக் கூடியது. விரைவாக அதிரும் பொருள் உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். மெதுவாக அதிரும் பொருள் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும்.

எது அதிர்கிறது என்பதைக் கொண்டே தமிழர்கள் இசைக்கருவிகளை வகைப்படுத்தினர். தோல் அதிர்ந்து ஒலிப்பது தோற்கருவி. காற்றை ஊதி ஒலிக்கச் செய்வது துளைக்கருவி. நரம்பு அல்லது கம்பி அதிர்ந்து ஒலிப்பது நரம்புக்கருவி. தாளம்போல் உலோகத்தால் ஆகித் தட்டும்போது தானே அதிர்ந்து ஒலிப்பது கஞ்சக்கருவி. இந்த நான்கு வகைக்கும் ஒவ்வோர் எளிய எடுத்துக்காட்டை வீட்டிலேயே செய்துவிடலாம்.

தோற்கருவி: டின் முரசு

மைலோ டின் ஒன்றும் ஒரு பலூனும் இருந்தால் முரசு தயார். டின்னைக் கழுவித் துடைத்து, அதன் விளிம்பு கூராக இருந்தால் ஒட்டு நாடாவை ஒட்டிக்கொள்ள வேண்டும். பலூனின் கழுத்துப் பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய பகுதியை டின்னின் வாயின்மேல் இழுத்துப் போர்த்த வேண்டும். அது நழுவாதபடி ஒரு ரப்பர் வளையத்தை இறுக்கமாக மாட்ட வேண்டும். பென்சிலின் அழிப்பான் உள்ள முனையால் தட்டினால் முரசு ஒலிக்கும்.

அதிர்வைக் கண்ணாலும் காணலாம். பலூன் தோலின்மேல் சில அரிசி மணிகளைத் தூவிவிட்டு அதன் ஓரத்தில் மெல்லத் தட்டினால், அரிசி மணிகள் துள்ளிக் குதிக்கும். முரசைத் தொடாமல் அதன் அருகில் உரக்கப் பாடினாலும் அவை அசைவதைக் காணலாம். பாடுபவரின் குரலே காற்றின் வழியாக வந்து தோலை அசைக்கிறது.

பலூனின் ஓரத்தைப் பிடித்து இன்னும் சற்றுக் கீழே இழுத்துக் கட்டினால் சுருதி உயரும், தளர்த்தினால் தாழும். தோல் இறுகினால் விரைவாக அதிரும் என்பதே இதற்குக் காரணம். தோலின் எடை கூடினால் இதற்கு நேர்மாறாக நடக்கும். மிருதங்கக் கலைஞர் கச்சேரி தொடங்குமுன் கருவியின் இடப்பக்கத் தோலில் ரவையை நீரில் பிசைந்து அப்புவதைக் கவனித்தவர்கள் உண்டு. சமையலறையிலிருந்து வந்த அந்த ரவை தோலின் எடையைக் கூட்டி, அதிர்வை மெதுவாக்கி, ஆழ்ந்த ஒலியைத் தருகிறது.

நரம்புக்கருவி: ரப்பர் வளைய யாழ்

ஒரு ரப்பர் வளையத்தை இரண்டு விரல்களுக்கு இடையில் இழுத்துப் பிடித்து மீட்டினால், அதன் ஒலி அருகில் இருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. அதே வளையத்தைக் காலியான டிஷ்யூ பெட்டி ஒன்றில், அதன் திறப்புக்கு மேலே வரும்படி மாட்டி மீட்டினால், ஒலி தெளிவாகக் கேட்கும். மெல்லிய வளையத்தால் மிகக் குறைந்த அளவு காற்றையே அசைக்க முடியும். அந்த அதிர்வு பெட்டிக்குப் பரவும்போது, பெட்டியின் அகன்ற சுவர்களும் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்கின்றன. வீணைக்குக் குடமும் கிட்டாருக்குப் பெரிய வயிறும் அமைந்திருப்பது இதற்காகத்தான்.

பெட்டியின் இரு ஓரங்களிலும் வளையங்களுக்கு அடியில் ஒவ்வொரு பென்சிலைச் செருகினால், வளையங்கள் அட்டையில் உரசாமல் நன்றாக அதிரும். தடித்த வளையம், மெல்லிய வளையம், பெரிய வளையம், சிறிய வளையம் என நான்கு வகைகளை மாட்டிப் பார்க்கலாம். தடித்த வளையம் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். சிறிய வளையம் அதே பெட்டியைச் சுற்றிவர அதிகமாக நீள வேண்டியிருப்பதால், இறுகியும் மெலிந்தும் உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். ஒரு வளையத்தின் நடுவில் விரலை அழுத்திப் பாதி நீளத்தை மட்டும் மீட்டினால், அதிர்வெண் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். கீழ் 'ச' ஒலித்த இடத்தில் மேல் 'ச' பிறக்கும். வீணையின் மெட்டுகளில் விரல் வைத்து வாசிப்பவரும் இந்த உண்மையையே பயன்படுத்துகிறார்.

துளைக்கருவி: உறிஞ்சுகுழல் ஊதல்

'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்பது பழமொழி. இசைக்கும் இது பொருந்தும். நெல்வயல் சூழ்ந்த மலாய்க் கம்பங்களில் சிறுவர்கள் நெல்தாளைக் கீறி ஊதல் செய்து விளையாடுவதுண்டு. தென்னோலையைச் சுருட்டிப் பீப்பி செய்து ஊதுவதும் பழைய விளையாட்டுதான். நெல்தாளும் ஓலையும் கிடைக்காத நகரத்தில் உறிஞ்சுகுழல் அந்த வேலையைச் செய்யும்.

உறிஞ்சுகுழலின் ஒரு முனையை இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நன்றாகத் தட்டையாக்க வேண்டும். பிறகு அதன் இரு மூலைகளையும் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டி, முனையை அம்பின் நுனிபோல் ஆக்க வேண்டும். வெட்டிய பகுதி முழுவதும் வாய்க்குள் இருக்குமாறு வைத்து, உதடுகளால் மெல்ல அழுத்தி ஊத வேண்டும். முதல் முயற்சியில் பெரும்பாலும் காற்று மட்டுமே வரும். அதனால் மனம் தளர வேண்டியதில்லை. முனையை மீண்டும் தட்டையாக்கி, உதட்டின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தால், ஏதோ ஓரிடத்தில் வாத்து கத்துவதுபோன்ற ஒலி எழும்.

அம்புபோன்ற அந்த முனையில் இரண்டு நாக்குகள் உள்ளன. ஊதும் காற்றில் அவை விரைந்து மூடித் திறப்பதால் குழலில் உள்ள காற்று அதிர்கிறது. திருமண மண்டபத்தையே நிறைக்கும் நாதஸ்வரமும் இப்படித்தான் ஒலிக்கிறது. அதன் வாய்ப்பகுதியில் பொருத்தப்படும் சீவாளியிலும் இத்தகைய இரண்டு நாக்குகள் இருக்கின்றன.

ஒருவர் ஊதிக்கொண்டிருக்கும்போதே குழலின் மறுமுனையை இன்னொருவர் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டு வந்தால், ஒவ்வொரு வெட்டுக்கும் சுருதி ஒரு படி ஏறும். குழல் குறுகும்போது உள்ளே அதிரும் காற்றின் நீளமும் குறைகிறது. குறுகிய காற்றுத்தம்பம் விரைவாக அதிரும்.

கஞ்சக்கருவி: குவளைத் தரங்கம்

கஞ்சக்கருவிகள் உலோகத்தால் ஆனவை. கண்ணாடிக் குவளையும் அவற்றைப் போலவே, தட்டினால் தானே அதிர்ந்து ஒலிக்கிறது. பீங்கான் கிண்ணங்களில் வெவ்வேறு அளவில் நீரை நிரப்பி, மெல்லிய குச்சிகளால் தட்டி வாசிக்கும் ஜலதரங்கம் நம் மரபில் உள்ள ஓர் அரிய கருவி. அதன் எளிய வடிவத்தை ஐந்து குவளைகளைக் கொண்டு அமைக்கலாம்.

ஐந்து குவளைகள் ஏன் போதும்? மோகன ராகத்தில் ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களே உள்ளன. சீன, மலாய்ப் பாடல்களிலும் ஐந்து சுரங்களில் அடங்கும் மெட்டுகள் பல உண்டு. ஆகவே, ஐந்து குவளைகளைச் சரியாகச் சுருதி சேர்த்துவிட்டால் வாசிப்பதற்குப் பாடல்களுக்குப் பஞ்சமில்லை.

ஒரே மாதிரியான ஐந்து மெல்லிய கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்து, அவற்றில் நீரை ஊற்றி, மரக்கரண்டியின் காம்பால் விளிம்பின் அருகில் மெதுவாகத் தட்ட வேண்டும். நீர் அதிகமாக உள்ள குவளை தாழ்ந்த சுருதியிலும், நீர் குறைவாக உள்ள குவளை உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கும். கண்ணாடி அதிரும்போது தன்னோடு ஒட்டியிருக்கும் நீரையும் சேர்த்து அசைக்க வேண்டியிருக்கிறது. சுமை கூடுவதால் அதிர்வு மெதுவாகிறது.

இங்கே பொறுமை தேவை. குவளையில் முதல் பாதி அளவுக்கு நீரை ஊற்றும்வரை சுருதியில் மாற்றம் மிகக் குறைவாகவே இருக்கும். குவளையின் விளிம்புப் பகுதியே அதிகமாக அதிர்வதால், நீர் விளிம்பை நெருங்க நெருங்கத்தான் சுருதி விரைவாக இறங்கும். எனவே, மேல்பாதியில் நீரைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் தட்டிக் கேட்க வேண்டும். கைப்பேசியில் உள்ள சுருதி காட்டும் செயலியின் துணையையும் நாடலாம். ஐந்து சுரங்களும் ஒரே வகைக் குவளையில் கிடைக்காவிட்டால், தாழ்ந்த சுரத்திற்குச் சற்றுப் பெரிய குவளையைப் பயன்படுத்தலாம்.

இப்போது ஒரு புதிர். ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் புட்டிகளில், ஒன்றில் நிறைய நீரும் மற்றொன்றில் சிறிதளவு நீரும் இருக்கட்டும். இரண்டையும் குச்சியால் தட்டினால், நீர் நிறைந்த புட்டி தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும். ஆனால், அதே புட்டிகளின் வாயில் உதட்டை வைத்துக் குறுக்கே ஊதினால், நீர் நிறைந்த புட்டியே உயர்ந்த சுருதியில் ஒலிக்கும்! நீரின் அளவு மாறவில்லை. சுருதியின் வரிசை மட்டும் தலைகீழாகிவிட்டது. காரணம் என்ன? தட்டும்போது அதிர்வது கண்ணாடியும் நீரும். ஊதும்போது அதிர்வது நீருக்கு மேலே உள்ள காற்று. நீர் கூடினால் காற்றுக்கு இடம் குறைகிறது. குறைந்த காற்று விரைவாக அதிர்கிறது. ஒரே புட்டி, தட்டினால் ஒரு வகைக் கருவியாகவும் ஊதினால் வேறொரு வகைக் கருவியாகவும் ஆகிவிடுகிறது.

இவற்றோடு தாளத்திற்கு ஒரு கிலுகிலுப்பையும் வேண்டும். சிறிய நெகிழிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு அரிசியை இட்டு இறுக மூடினால் அது தயாராகிவிடும். அரிசிக்குப் பதிலாகப் பச்சைப்பயற்றையோ மணலையோ இட்டால் ஒலியின் தன்மை மாறும். புட்டியை முழுவதும் நிரப்பினால் மணிகள் ஓடி மோத இடமின்றி ஒலி அடங்கிவிடும்.

டின்னிலிருந்து பிறந்த தேசிய இசைக்கருவி

இவையெல்லாம் சிறுவர் விளையாட்டுதானே என்று எண்ணத் தோன்றலாம். கரீபியன் கடலில் உள்ள திரினிடாட் தீவின் வரலாறு அந்த எண்ணத்தை மாற்றும்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அத்தீவில் வாழ்ந்தனர். அவர்களுடைய விழாக்களில் தோல் முரசுகள் முழங்கின. 1880களில் பிரிட்டிஷ் காலனித்துவ அரசு அந்த முரசுகளுக்குத் தடை விதித்தது. ஆட்சியாளர்களின் காதுக்கு அது அமைதியைக் கெடுக்கும் சத்தமாகப் பட்டது. ஆனால், முரசை இழந்த மக்கள் இசையை விட்டுவிடவில்லை. மூங்கிலை வெவ்வேறு நீளங்களில் வெட்டித் தரையில் குத்தித் தாளம் எழுப்பினர். 1930களில் இளைஞர்கள் பிஸ்கட் டின்களையும் வண்ணச்சாய டின்களையும் குப்பைத்தொட்டி மூடிகளையும் தட்டத் தொடங்கினர்.

தட்டித் தட்டி நெளிந்துபோன டின்களில் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு சுருதியில் ஒலிப்பதை அவர்கள் கவனித்தனர். அந்தக் கவனிப்பே எல்லாவற்றையும் மாற்றியது. தற்செயலாக விழுந்த நெளிவை அவர்கள் வேண்டுமென்றே சுத்தியலால் உருவாக்கினர். பெரிய பரப்பு தாழ்ந்த சுரத்தையும், சிறிய பரப்பு உயர்ந்த சுரத்தையும் தந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பயன்படுத்தி எறியப்பட்ட எண்ணெய்ப் பீப்பாய்கள் அவர்களுக்குக் கைகொடுத்தன. பீப்பாயின் மேற்பகுதியைக் கிண்ணம்போல் குழியாக்கி, ஒரே பரப்பில் இருபதுக்கும் மேற்பட்ட சுரங்களை அமைத்தனர். 'ஸ்டீல்பேன்' என்னும் இசைக்கருவி இவ்வாறு பிறந்தது.

1951ஆம் ஆண்டில் திரினிடாட்டைச் சேர்ந்த இளம் கலைஞர் குழு ஒன்று லண்டனுக்குச் சென்று, பிரிட்டன் விழாவில் இந்தக் கருவியை வாசித்தது. முன்னோரின் முரசைத் தடை செய்த அரசின் தலைநகரிலேயே பீப்பாய்கள் பாடின. இன்று ஸ்டீல்பேன் திரினிடாட் தொபாகோ நாட்டின் தேசிய இசைக்கருவி. ஆகஸ்டு 11ஆம் நாளை உலக ஸ்டீல்பேன் தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டில் அறிவித்தது.

சேர்ந்து வாசித்தல்

வீட்டில் செய்த கருவிகளை ஒருவரே வாசிப்பதைவிடப் பலர் சேர்ந்து வாசிப்பது சிறப்பு. மூங்கிலால் ஆன அங்குலோங் இசைக்கருவியை மலேசியப் பள்ளிகள் சிலவற்றில் காணலாம். இந்தோனேசியாவின் அங்குலோங் இசையை 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அங்கீகரித்தது. ஓர் அங்குலோங் ஒரு சுரத்தை மட்டுமே தரும். ஆகவே, ஒரு பாடலை வாசிக்கப் பலர் கூட வேண்டும். தம் முறை வரும்வரை ஒவ்வொருவரும் காத்திருக்கவும் வேண்டும். ஐந்து குவளைகளை ஐந்து மாணவர்கள் வைத்துக்கொண்டு, முரசும் கிலுகிலுப்பையும் தாளம் தர ஒரு பாடலை வாசித்துப் பார்த்தால் இது நன்கு விளங்கும். அடுத்தவரின் ஒலியைக் கேளாதவர் தம் சுரத்தைச் சரியான நேரத்தில் தர இயலாது.

சில முன்னெச்சரிக்கைகளும் தேவை. கண்ணாடிக் குவளைகளை மேசையின் ஓரத்தில் வைக்கக் கூடாது. ஒருவர் ஊதிய உறிஞ்சுகுழலை மற்றவர் ஊதக் கூடாது. வெட்டிய பலூன் துண்டுகளும் சிதறிய பயறுகளும் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது. அவை தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அடுக்குமாடி வீடுகளில் வசிப்போர் முரசின் அடியில் மடித்த துணியை விரித்துக்கொள்வது நல்லது. இரவு வேளையில் வாசிப்பதையும் தவிர்க்க வேண்டும். வாசிப்பவருக்கு இனிக்கும் இசை, சுவருக்கு அப்பால் உறங்க முயல்பவருக்குச் சத்தமாகத்தான் இருக்கும்.

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிடுகிறது. சத்தத்திற்கும் இசைக்கும் உள்ள வேறுபாடு பானையிலோ டின்னிலோ இல்லை. எந்த இடத்தில் தட்டினால், எவ்வளவு இறுக்கினால், எவ்வளவு நீர் ஊற்றினால் எந்த ஒலி பிறக்கும் என்று கேட்டுக் கேட்டு அறிந்துகொள்ளும் காதில்தான் அது இருக்கிறது. திரினிடாட் இளைஞர்களிடம் இருந்ததும், குவளையில் ஒரு கரண்டி நீரைச் சேர்த்துவிட்டு மீண்டும் தட்டிப் பார்க்கும் மாணவரிடம் இருப்பதும் அந்தக் காதுதான்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து தட்டையும் பானையையும் மாறி மாறித் தட்டும் குழந்தையும் அந்தக் கேட்டலைத்தான் தொடங்கியிருக்கிறது. அடுத்த முறை அதன் கையிலுள்ள கரண்டியைப் பிடுங்குவதற்கு முன், இன்னொரு பாத்திரத்தை எடுத்து அதன் அருகில் வைத்துப் பார்க்கலாம்.